பூப்பல்லக்கும் இரண்டு சுண்ணாம்புக் குழியும்

1. கட்டைவிரல்

சித்திரைப் பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. காலையில் வழக்கம்போல் குழி பார்க்கப் போனேன். ஏழாம் குழியில் கொக்கி போட்டு ஒரு தோலை மேலே இழுத்து, கழுத்துப் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தள்ளினேன். முடி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

எட்டாம் குழியிலும் இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை.

இப்போது டேனரியில், நாங்கள் தோல் ஷாப்பு என்கிற இடத்தில், புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் இரண்டு வாரம் போல ஊறவைப்போம். அதுவரைக்கும் விரலால் தள்ளினால் முடி அசையாது. பதம் வந்த பிறகு சும்மா தொட்டாலே கழன்று வரும். அப்படிப் பதம் வந்த தோலை இரண்டு மூன்று நாளுக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். விட்டால் தோலின் மேற்பரப்பு நைந்து, ஊறின காகிதம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதில் செருப்பு தைக்க முடியாது, ஒன்றும் பண்ண முடியாது.

வெளியே எடுத்தால் கட்டைமேல் போட்டு முடி சுரண்ட வேண்டும், சதை வழிக்க வேண்டும், அலச வேண்டும். அந்தத் தண்ணீரெல்லாம் கால்வாயில் போகும். இந்த வேலை நடக்கிற இரண்டு நாளும், அதற்குப் பின்னால் இரண்டு நாளும், எங்கள் ஷாப்பைச் சுற்றி அடிக்கும் வாசனையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களால் ஒரு நிமிஷம் நிற்க முடியாது.

எங்கள் கால்வாய் ஸ்டேஷன் ரோட்டை ஒட்டியே போகிறது. ரயிலில் இறங்கிக் கோயிலுக்குப் போகிற சனம் எல்லாம் அந்த ரோட்டில்தான் நடக்கும். பௌர்ணமி அன்று மத்தியானம், முதல் தடவையாக, மெட்ராசிலிருந்து ஸ்பெஷல் ரயில் வரப்போகிறது.

நான் தோலைத் திரும்பவும் குழிக்குள் விட்டேன். தொட்டித் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி கஞ்சி குடிக்கப் போய்விட்டேன்.

2. சாயபு கொடுத்த வாக்கு

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் தோல் ஷாப்புகள், இன்னொரு பக்கம் மல்லித் தோட்டங்கள். சித்திரையில் மல்லி கொட்டும். அந்தப் பூவையெல்லாம் கொண்டுபோய் பௌர்ணமி அன்று அம்மன் பல்லக்கில் கட்டுவார்கள். மூங்கில் சட்டம் கண்ணுக்கே தெரியாது. மல்லி, மரிக்கொழுந்து, கதம்பம் என்று வரிசை வரிசையாகக் கட்டி, நெற்றியில் மட்டும் மஞ்சளாக ஆவாரம்பூ வைப்பார்கள். அதைப் பார்க்கத்தான் வெளியூர் சனம் வரும்.

அந்த மூன்று நாளும் ஊர் வேறு ஊராகிவிடும். சத்திரத்தில் இடம் இருக்காது. ஜட்காக்காரன் குதிரைக்குக் கொள்ளு வைக்க நேரமில்லாமல் ஓடுவான். குடியாத்தத்திலிருந்து லுங்கி மூட்டை வரும், ஆற்று மணலில் விளைகிற கிர்ணிப் பழம் குவியும். எங்கள் ஷாப்புத் தோலில் தைத்த செருப்பைக்கூடப் பட்டணத்து ஆள்கள் இரண்டு ஜோடி, மூன்று ஜோடி என்று வாங்கிப் போவார்கள். அந்த மூன்று நாள் நன்றாக நடந்தால், மழைக்காலம் வரைக்கும் பஜாரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தின வருஷம் அது நன்றாக நடக்கவில்லை. ஏதோ ஒரு ஷாப்பில் திருவிழா அன்றே குழி திறந்துவிட்டார்கள். ரயிலில் வந்த சனம் பாதி ரோட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்து, அடுத்த வண்டியில் போய்விட்டது. மங்கம்மா என்கிற பூக்காரி கூடை நிறைய கட்டின சரத்தை ஆற்றில் கொட்டினாள்.

அதனால் இந்த வருஷம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் முதலாளியைப் பெரிய சாயபு என்று கூப்பிடுவோம். ஷாப்புக்காரர்களில் மூத்தவர். அவர் எல்லா ஷாப்புக்காரர்கள் சார்பாகவும் எழுந்து, "திருவிழா மூணு நாளும் எங்க பக்கம் ஒரு குழியும் திறக்காது. இது என் ஜபான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ரயில்காரர்களிடமும் அதைச் சொல்லித்தான் ஸ்பெஷல் வாங்கினார்கள். சனம் இந்தத் தடவையும் திரும்பிப் போனால் அடுத்த வருஷம் ஸ்பெஷல் கிடையாது என்பதும் ஊருக்கே தெரியும்.

வாக்குக் கொடுத்தது அவர். அதைக் காப்பாற்ற வேண்டியது குழி மேஸ்திரியான நான்.

நான் மூன்றாம் கிளாசோடு படிப்பை விட்டவன். குழிக்கு ஒரு நாளுக்கு ஒரு கோடு என்று சுவரில் கரியால் போட்டுவைப்பேன். பௌர்ணமியைச் சரியாகக் கணக்குப் பண்ணி, திருவிழா முடிந்த மறுநாள்தான் பதம் வரும்படி எல்லாக் குழியையும் நிரப்பினேன். கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏழையும் எட்டையும் நிரப்புகிற அன்றைக்குச் சுண்ணாம்பு வண்டி வரவில்லை. பழைய குழியில் கிடந்த தண்ணீரையே மொண்டு ஊற்றினேன். பழைய சுண்ணாம்புத் தண்ணீர் புதுசைவிடச் சீக்கிரம் முடியைக் கழற்றும். அந்த வருஷம் வெயிலும் ஜாஸ்தி. கோடு போடத் தெரிந்த எனக்கு, கோட்டுக்குக் கட்டுப்படாத தண்ணீர் ஒன்று இருக்கிறது என்பது மறந்து போனது.

3. சும்மா இருந்த இரண்டு நாள்

அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். உடனே குழி திறந்து, இரண்டு நாளில் வேலையை முடித்து, கால்வாயில் கிணற்றுத் தண்ணீர் அடித்துவிட்டிருந்தால் பௌர்ணமிக்குள் காற்று சுத்தமாகியிருக்கும்.

நான் சொல்லவில்லை. கிணற்றிலிருந்து குளிர்ந்த தண்ணீர் இறைத்து இரண்டு குழியிலும் ஊற்றினேன். குழிமேல் கீற்று போட்டேன். மணிக்கொரு தடவை போய் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கடவுளே, முடி திரும்ப ஒட்டிக்கொள்ளாதா என்றுகூட நினைத்தேன். கழன்ற முடி எங்கே ஒட்டும்?

வீட்டில் சோறு இறங்கவில்லை. என் சம்சாரம், "இன்னா, எதனா பறிகுடுத்துட்டியா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, வெயிலு" என்றேன்.

முடி சுரண்டுகிற கட்டையில் தனகோட்டி என்று ஒருத்தன் வேலை செய்தான். வாய் சும்மா இருக்காது. இரண்டாம் நாள் சாயங்காலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, மொகம் ஊறப்போட்ட தோலாட்டம் கீது? வழிச்சு உடட்டுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் விரலை வைத்தபோது முடியோடு தோலின் மேல் மினுமினுப்பும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அதற்குமேல் தள்ள முடியாது. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள்.

4. வாசலில்

பெரிய சாயபு வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் நாஷ்டா முடித்துவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, காலங்காத்தால?"

"மொதலாளி, ஏழும் எட்டும் பதம் வந்துட்டுது."

"எப்போ?"

நான் தரையைப் பார்த்தேன். "முந்தாநேத்து."

"முந்தாநேத்தா! அரே, இது இன்னா பேஜார்!" தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பதம் முன்னாடி வந்தது உன் தப்பு இல்ல, தண்ணி தப்புன்னு வெச்சுக்கலாம். ரெண்டு நாளா வாயத் தொறக்காம இருந்தியே, அது யார் தப்பு?"

"பயந்துட்டேன் மொதலாளி."

"யாரைப் பாத்து? என்னையா? நான் இன்னா புலியா?"

நான் அழுதுவிடுவேன் போல் இருந்தது. வேலை போயிற்று என்றே முடிவு பண்ணிவிட்டேன். அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"தோலை அழிய விட முடியாது. இன்னிக்கே கட்டையில போடு. நாத்தம் ஸ்டேஷன் ரோட்லதான் அடிக்கும், இல்ல?"

"ஆமா மொதலாளி."

"அப்போ நாத்தத்தை நகத்த முடியாது. சனத்தைத்தான் நகத்தணும். ஸ்டேஷன்லேருந்து கோயிலுக்குப் போறதுக்கு வேற வழி இன்னா கீது?"

"ஆத்து வழி கீது. ஆத்துல எறங்கி, கரையோரமா போனா கோயில் படித்துறை. ஆனா மணல் மொதலாளி. சித்திரை வெயில்ல காலு வெந்துடும். ஜட்கா சக்கரமும் புதைஞ்சுடும்."

இதைப் பேசிக்கொண்டே ஷாப்புக்கு வந்தோம். குழி திறக்கச் சொல்லிவிட்டு, ஆற்று வழியைப் பற்றி மறுபடியும் அவர் கேட்டார், நானும் மறுபடியும் மணல் என்றேன். தனகோட்டி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"மணலுக்குத்தான் நம்மகிட்ட மருந்து கீதே மேஸ்திரி. பட்டை வண்டி ஆத்துல மாட்டிக்கினா இன்னா பண்றோம்?"

தோல் பதனிட மலைப்பக்கமிருந்து ஆவாரம் பட்டை ஏற்றி வருகிற மாட்டு வண்டிகள் ஆற்றைத் தாண்டும்போது சக்கரம் புதையும். அப்போது ஷாப்பிலிருந்து பட்டைச் சக்கையை, அதாவது சாரம் எல்லாம் தோலுக்குள் இறங்கின பிறகு மிஞ்சுகிற சக்கையை, கூடை கூடையாகக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் அடியில் கொட்டுவோம். வண்டி மெத்தையில் போகிற மாதிரி போய்விடும். வருஷம் பூராவும் செய்கிற வேலைதான். எனக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

ஷாப்புக்குப் பின்னால் சக்கை காய்ந்து மலை மாதிரி கிடந்தது. அடுப்பெரிக்க சனம் அள்ளிப் போனது போக மிச்சம். பெரிய சாயபு அந்தக் குவியலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"கோயில் வரைக்கும் எட்டுமா?"

"எட்டலேன்னா பக்கத்து ஷாப்புங்கள்ல கேட்டுக்கலாம்" என்றான் தனகோட்டி.

5. தர்மகர்த்தா

கோயில் தர்மகர்த்தா முதலியாரிடம் சொல்லாமல் திருவிழா வழியை மாற்ற முடியாது. பெரிய சாயபு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோயில் தெருவுக்குள் எங்கள் சனம் அந்தக் காலத்தில் போவதில்லை. தெரு முனையில் நான் நின்றுகொண்டேன். முதலியார் அங்கேயே வந்தார். அங்கே மரத்தடியில் மங்கம்மா பத்துப் பெண்களோடு உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய சாயபு ஒன்றையும் மறைக்கவில்லை. "சாமி, என் ஜபான் தவறிப் போச்சு. ரெண்டு குழி திறந்தாச்சு. ஸ்டேஷன் ரோட்ல நாத்தம் வரும். பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்து, ஆற்று வழியையும் சக்கையையும் சொன்னார்.

முதலியார் முகம் சிவந்துவிட்டது. "தோல் ஊறின பட்டைமேல நடந்து சனம் அம்மனைப் பாக்க வரணுமா? இன்னா சாயபு பேசறீங்க?"

மங்கம்மா சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஏன் சாமி, பல்லக்கு நெத்தியில மஞ்சளா வெக்கறோமே ஆவாரம்பூ, அது எந்தச் செடியில பூக்குதாம்? பூவை அம்மன் தலைக்கு மேல வெக்கலாம், பட்டையை நம்ம காலு மிதிக்கக் கூடாதா?"

"பூவு வேற. இது தோல் ஊறினது."

"ஊறி, அப்புறம் மாசக்கணக்கா வெயில்ல காஞ்சது. எங்கூட்டு அடுப்புல அதான் எரியுது. அதுல வடிச்ச சோத்தைத் தின்னுட்டுத்தான் உங்க பல்லக்குக்குப் பூக் கட்டறேன். வேணாம்னா சொல்லுங்க, போன வருஷமாட்டம் ஆத்துலயே கொட்டிடறேன்."

கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். முதலியார் அவளையும் பூக்குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தின வருஷம் அவள் கொட்டினதை அவரும் பார்த்தவர்தான்.

"வாயாடி" என்றார். பிறகு பெரிய சாயபுவிடம், "போடுங்க. போட்டுட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் நடந்து பாத்துட்டுத்தான் சரின்னு சொல்வேன்" என்றார்.

அன்றைக்கும் மறுநாளும் எங்கள் ஷாப்பில் ஒருத்தன் உட்காரவில்லை. பாதிப் பேர் கட்டையில் முடி சுரண்ட, பாதிப் பேர் கூடையும் வண்டியுமாக ஆற்றில். பக்கத்து ஷாப்புகளும் வண்டி அனுப்பின. ஸ்டேஷன் இறக்கத்திலிருந்து படித்துறை வரை, இரண்டு ஜட்கா ஒன்றையொன்று தாண்டுகிற அகலத்துக்குச் சக்கையைப் பரப்பி, ஊற்று தோண்டி அந்தத் தண்ணீரைத் தெளித்து மிதித்தோம். தண்ணீர் பட்டதும் மழை பெய்த காட்டில் வருமே, அந்த மாதிரி ஒரு மண் வாசனை வந்தது.

வேலை முடிந்த சாயங்காலம் முதலியார் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பத்து அடி நடந்தார். நின்றார். கட்டைவிரலால் சக்கையை அமுக்கிப் பார்த்தார். நான் தோலில் விரலை வைத்துப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

"பரவாயில்லையே" என்றார். "மெத்து மெத்துன்னு கீது."

6. ஸ்பெஷல்

பௌர்ணமி அன்று நான் காலையிலிருந்தே ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றேன். இலை எந்தப் பக்கம் அசைகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தால் பிழைத்தோம். ஷாப்புப் பக்கமிருந்து திரும்பினால் சக்கையும் காப்பாற்றாது. மத்தியானம் வரைக்கும் காற்றே இல்லை. வண்டி ஊதின சத்தம் கேட்டபோதும் ஓர் இலை அசையவில்லை.

சனம் இறங்கியது. இவ்வளவு பேரா என்று ஸ்டேஷனில் இருந்தவர்களே வாய் பிளந்தார்கள். கோட்டு போட்டவர்கள், மொட்டையடித்துக்கொண்ட குழந்தைகள், மஞ்சள் புடவைக்காரிகள். ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் தென்னை ஓலைத் தட்டி கட்டி மறைத்து, ஆற்று வழியில் தோரணம் கட்டியிருந்தோம். சனம் தோரணத்தைப் பார்த்து இறங்கியது.

முதலில் போன கோட்டுக்காரர் ஒருவர் ஷூவோடு சக்கையை உதைத்துப் பார்த்தார். "இதென்ன, ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருக்கே!" என்று கூட வந்த அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்குங்க, நீங்களும் கழட்டுங்க" என்றார். அவரும் கழற்றினார்.

அப்போதுதான் வேப்பிலை அசைந்தது. ஆற்றிலிருந்து அடித்தது காற்று. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தேடி வந்த தனகோட்டி, "இன்னா மேஸ்திரி, வெயிலா?" என்றான். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தேன்.

நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று அதற்கப்புறம் நடந்தது. ஸ்டேஷன் ரோட்டில் வந்த வருஷங்களில் சனம் நேராகக் கோயிலுக்குப் போய், பல்லக்கைப் பார்த்துவிட்டு, சாயங்கால வண்டிக்கே ஓடிவிடும். இந்த வருஷம் ஆற்றில் இறங்கினவர்கள் ஏறவே இல்லை. குழந்தைகள் ஊற்றுத் தோண்டி விளையாடின. கிர்ணிப் பழக்காரர்கள் பஜாரை விட்டுவிட்டுக் கூடையோடு மணலுக்கு வந்தார்கள். குடியாத்தத்து லுங்கிக்காரர் துணியை மணல்மேல் கயிறு கட்டித் தொங்கவிட்டார். மங்கம்மாவின் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்த இடமெல்லாம் கூட்டம். வண்டிக்கு நேரமாகிறது என்று ஜட்காக்காரர்கள் கத்தினார்கள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று பாதிப் பேர் சத்திரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சத்திரம் நிறைந்து, பெரிய சாயபு வீட்டு முன் வாசலிலும் பாய் விரிக்க வேண்டியதாயிற்று.

சனமெல்லாம் ஆற்றில் இருந்தால் பல்லக்கை எங்கே காட்டுவது? முதலியார் யோசித்துவிட்டு, பல்லக்கைப் படித்துறைக்கே கொண்டுவரச் சொன்னார்.

நிலா ஏறுகிற நேரம். நாங்கள் சக்கை உலராமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வழியோரமாகவே நின்றோம். யாரும் எங்களைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, தண்ணீர் தெளிக்க ஆளும் வேண்டும். அதுவரைக்கும் பஜார் முனையில் தூர நின்று, தலைகளுக்கு மேல் ஆடுகிற வெள்ளையாகத்தான் அந்தப் பல்லக்கை நான் பார்த்திருந்தேன். அன்றைக்குப் படித்துறையில் இறங்கி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போயிற்று. நெற்றியில் ஆவாரம்பூவை எப்படிச் சொருகியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என் காலடியில் அதே செடியின் பட்டை ஈரமாக இருந்தது.

7. கடைசியாக

மறு வருஷமும் ஸ்பெஷல் வந்தது. பங்குனியிலேயே முதலியாரிடமிருந்து ஷாப்புக்கு ஆள் வந்தான்: "சக்கையை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லச் சொன்னாரு." ஆற்று வழி நிரந்தரமாகிவிட்டது. எந்தக் குழி எப்போது பதம் வந்தாலும் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. அதன் பிறகு நான் எத்தனையோ சித்திரை பார்த்துவிட்டேன். அந்த மூன்று நாளில் எங்கள் ஊருக்கு வருகிற ஆள்களை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குப் பூ மட்டும் போதாது, நடக்க நல்ல வழியும் வேண்டும் என்பதை ஊர் கற்றுக்கொண்டது அந்த இரண்டு குழியால்தான்.

அந்தத் தோல்? கழுத்துப் பக்கம் கொஞ்சம் நைந்ததைத் தவிர எல்லாம் தப்பியது. என் வேலையும் போகவில்லை. பெரிய சாயபு அதற்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுண்ணாம்பு வண்டி வராத நாளில் மட்டும் குழிப்பக்கம் வந்து, "இன்னா தண்ணி ஊத்தின?" என்பார்.

நான் இன்றைக்கும் கவலைப்படுகிற ஆள்தான். அது என் பிறவிக்குணம், மாறாது. மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அன்றைக்கு முடி வழுக்கியதும் நான் முதலில் செய்தது கையைக் கழுவியது. அதனால்தான் இரண்டு நாள் போயிற்று. குழி பார்க்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிறது இதுதான்: விரலுக்கு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். சுண்ணாம்புக் கையோடு நேராக முதலாளி வாசலுக்குப் போங்கள். கையை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.